பழைய ஆர்கேட் மானிட்டரில் வீட்டுக் கணினியை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் பெட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதன் விளையாட்டுப் பலகை பழுதாகிவிட்டது அல்லது பெட்டியில் இல்லவே இல்லை. பிக்சர் ட்யூப் மட்டும் இன்னும் நன்றாக ஒளிர்கிறது. அதைக் கழற்றிவிட்டு எல்சிடி திரையைப் பொருத்துவது எளிய வழிதான். ஆனால் அந்த விளையாட்டுகளின் படங்கள் இந்த ட்யூபுக்காகவே வரையப்பட்டவை என்பதால், ட்யூபையே வைத்துக்கொண்டு கணினியை அதற்கேற்பப் பழக்க விரும்புவோரும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

கேள்வி: கணினியின் விஜிஏ வயரை வெட்டி, நிறங்களுக்குரிய கம்பிகளை மானிட்டரில் நேரடியாகச் சேர்த்தால் படம் வராதா?

வராது. வயர்களின் எண்ணிக்கையும் நிறங்களும் பொருந்தினாலும், இரண்டின் வேகமும் வேறு. பிக்சர் ட்யூபில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் படத்தை வரைகிறது. ஒரு நொடியில் அது எத்தனை கோடுகளை வரைகிறது என்பதே கிடைமட்ட அதிர்வெண். பெரும்பாலான பழைய ஆர்கேட் மானிட்டர்கள் ஒரு படத்துக்குச் சுமார் 262 கோடுகள் வீதம் நொடிக்கு 60 படங்களை வரைகின்றன. 262ஐ 60ஆல் பெருக்கினால் 15,720. இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர் என்கிறோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் வேகமும் ஏறக்குறைய இதுவே. கணினியின் 640க்கு 480 விஜிஏ திரையோ ஒரு படத்துக்கு 525 கோடுகளை வரைவதால், அதன் அதிர்வெண் சுமார் 31,500 ஆகிறது. அதாவது ஏறக்குறைய இரு மடங்கு. அவ்வளவு வேகமாகக் கற்றையை ஆட்டும் திறன் ஆர்கேட் மானிட்டரின் சுற்றுக்கு இல்லை.

எனவே இந்த வேலையில் தீர வேண்டியவை நான்கு: அதிர்வெண், மின் தனிமைப்படுத்தல், சிங்க் (ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று மானிட்டருக்குச் சொல்லும் துடிப்பு), நிற சமிக்ஞையின் அளவு. புதிதாக இறங்குகிறவர்கள் பலர் நான்காவதிலிருந்து தொடங்கிக் குழம்புகிறார்கள்.

கேள்வி: என் மானிட்டர் 15 கிலோஹெர்ட்ஸ் வகைதான் என்பதை எப்படி உறுதி செய்வது?

ட்யூபில் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் நம்ப வேண்டாம். அது ட்யூபைப் பற்றியது, அதை இயக்கும் சேஸிஸ் பலகையைப் பற்றியது அன்று. சேஸிஸில் அச்சிடப்பட்டிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். பெட்டியில் முதலில் இருந்த விளையாட்டு எது என்பதும் நல்ல தடயம். 1980களின் விளையாட்டுகள் பெரும்பாலும் 15 கிலோஹெர்ட்ஸ். அட்டாரியின் பேப்பர்பாய், செகாவின் மாடல் 2 பலகையில் ஓடிய டேடோனா போன்றவை சுமார் 24 கிலோஹெர்ட்ஸ், அதாவது நடுத்தர வகை. செகாவின் நயோமி போன்ற பிற்காலப் பலகைகள் 31 கிலோஹெர்ட்ஸையும் தருபவை. சில மானிட்டர்கள் இரண்டு அல்லது மூன்று வேகங்களையும் தாமாகவே ஏற்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் பாதிப் பிரச்சினை குறைந்தது.

கேள்வி: தவறான அதிர்வெண்ணைக் கொடுத்தால் மானிட்டர் கெட்டுவிடுமா?

ஒரு நொடி தவறிப் போனதால் கெட்ட மானிட்டர்கள் குறைவு. நெடுநேரம் அப்படியே விடப்பட்டவை கெடலாம். 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 31 கிலோஹெர்ட்ஸ் சென்றால், ஒரே படம் குறுகலாக இரண்டு முறை, ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோலக் கிழிந்து தெரியும். சில சேஸிஸ்களிலிருந்து வழக்கத்துக்கு மாறான கீச்சொலியும் கேட்கும். அந்த ஒலி கேட்டால் யோசிக்காமல் மானிட்டரின் சுவிட்சை அணையுங்கள். கற்றையைப் பக்கவாட்டில் ஆட்டும் கிடைமட்ட வெளியீட்டு ட்ரான்சிஸ்டரும், ட்யூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் ட்ரான்ஸ்ஃபார்மரும் அப்போது தம் அளவுக்கு மீறி உழைக்கின்றன. ட்ரான்சிஸ்டரை மாற்றிவிடலாம், பழைய சேஸிஸுக்குப் பொருத்தமான ஃப்ளைபேக் கிடைப்பது அரிது.

கேள்வி: ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பழைய ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் எந்தத் தடுப்பும் இன்றி நேரடியாக டையோடுகளால் டிசியாக மாற்றப்படுகிறது. அதன் விளைவாக மானிட்டரின் சேஸிஸும், அதோடு இணைந்த வீடியோ கிரவுண்டும், மின்வழங்கலோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ஆர்கேட் பெட்டியின் அடியில் கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருப்பது இதற்காகத்தான்: அது மானிட்டரைச் சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கிறது. மானிட்டரை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு பிளக்கை மாட்டிச் சுவரில் செருகினால், அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கணினியின் உலோக உடலோ எர்த்துடன் இணைந்தது. இரண்டின் கிரவுண்டையும் ஒரு வீடியோ வயரால் சேர்த்த அந்தக் கணமே, மின்சாரம் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் வழியாக எர்த்துக்குப் பாயும். ஃபியூஸ் மட்டும் போனால் நல்ல காலம்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. மானிட்டர் 100 அல்லது 110 வோல்ட்டுக்கானது என்றால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதுவே போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கடைகளில் கிடைக்கும் அத்தகைய ட்ரான்ஸ்ஃபார்மர்களில் பல ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர்கள். அவற்றில் உள்ளீடும் வெளியீடும் ஒரே சுருளைப் பகிர்ந்துகொள்வதால் தனிமைப்படுத்தல் என்பது சிறிதும் இல்லை. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனிச் சுருள்கள் கொண்டது என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டதையே வாங்க வேண்டும். மானிட்டர் எடுத்துக்கொள்ளும் மின்திறனைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தாங்கக்கூடியதாகப் பார்ப்பது நல்லது. மானிட்டரை இயக்கும் கணத்தில் காந்தம் நீக்கும் சுருள் சற்று அதிகமாகவே இழுக்கும்.

சரிபார்க்க ஒரு வழி: பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் பிடுங்கிவிட்டு, மானிட்டரின் சுவிட்சை மட்டும் இயக்க நிலையில் வைத்து, மல்டிமீட்டரை டையோடு நிலைக்குக் கொண்டுவந்து, பிளக்கின் இரண்டு மின் முனைகள் ஒவ்வொன்றுக்கும் வீடியோ கிரவுண்டுக்கும் இடையே இரு திசைகளிலும் அளந்து பாருங்கள். ஏதாவது ஓர் அளவு காட்டினால் தனிமைப்படுத்தல் இல்லை என்று பொருள். ஒன்றும் காட்டாவிட்டாலும் அதையே முடிவாகக் கொள்ளாமல், ட்ரான்ஸ்ஃபார்மர் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அணைத்த பிறகும் பிக்சர் ட்யூபில் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. வண்ண ட்யூபின் ஆனோடுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் செல்கிறது. அணைத்த பிறகும் அந்த மின்னேற்றம் ட்யூபில் தங்கியிருக்கக்கூடும். கணினியை இணைப்பதற்கு மட்டும் ரப்பர் மூடியிட்ட அந்தத் தடித்த வயரைத் தொட வேண்டிய தேவையே இல்லை, ஆகவே தொடாதீர்கள். சேஸிஸைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால், மின்னேற்றத்தை வெளியேற்றத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்து முதல்முறை செய்துகாட்டட்டும். ட்யூபின் பின்பக்கக் கழுத்து மெல்லிய கண்ணாடி. முழங்கை பட்டாலே உடையும்.

கேள்வி: எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தமானது?

அனலாக் வெளியீடு உள்ள பழைய கார்டுதான் நல்லது. ஏஎம்டியின் ரேடியான் எச்டி வரிசைக் கார்டுகள் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பேர் பெற்றவை. அவை மிகக் குறைந்த வேகங்களையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கின்றன, அவற்றுக்கென்றே திருத்தப்பட்ட டிரைவரும் கிடைக்கிறது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து டிவிஐ துளையில் அனலாக் சமிக்ஞை வருவதில்லை. துளை பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் ஏமாந்துவிட வேண்டாம். தட்டையான முனையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் மட்டுமே அனலாக் உண்டு.

எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சிறு கருவிகளைக் கொண்டும் சிலர் வெற்றி பெறுகிறார்கள். ஆனால் எச்டிஎம்ஐ 25 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைவான பிக்சல் வேகத்தை அனுமதிப்பதில்லை. அதைச் சமாளிக்கும் உத்தி அடுத்த விடையில் வருகிறது.

கேள்வி: கணினியை 15 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குவது எப்படி?

விண்டோஸில் சிஆர்டி இமுடிரைவர் என்ற திருத்தப்பட்ட ரேடியான் டிரைவரே பலரும் தேர்வது. லினக்ஸில் மோட்லைன் எனப்படும் எண்வரிசையை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். எந்த வழியானாலும் உள்ளே நடப்பது ஒன்றே என்பதால், ஒரு முறை கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நன்று. பிறகு படம் ஒரு பக்கம் சாய்ந்தால் எந்த எண்ணைத் தொடுவது என்பது தானாகவே விளங்கும்.

320க்கு 240 என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் 320 புள்ளிகள் போக, கற்றை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்பும் நேரத்தையும் புள்ளிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்து ஒரு கோட்டுக்கு மொத்தம் 426 புள்ளிகள் என்றும், ஒரு படத்துக்கு 262 கோடுகள் என்றும் வைத்துக்கொள்ளலாம். பிக்சல் வேகம் 6.7 மெகாஹெர்ட்ஸ். அதை 426ஆல் வகுத்தால் 15,727; அதுவே நமக்கு வேண்டிய கிடைமட்ட அதிர்வெண். அதை 262ஆல் வகுத்தால் நொடிக்கு 60.03 படங்கள். முழு வரிசையை எழுதினால், கிடைமட்டத்துக்கு 320, 336, 367, 426. செங்குத்துக்கு 240, 244, 247, 262. நடுவில் உள்ள இரண்டு எண்கள் சிங்க் துடிப்பு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறிக்கின்றன. அவ்விரண்டையும் ஒரே அளவு கூட்டினால் படம் இடப்பக்கமும், குறைத்தால் வலப்பக்கமும் நகரும்.

சிக்கல் என்னவென்றால், பல கார்டுகள் 6.7 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்க மறுக்கின்றன. இதற்கு ஓர் அழகான தந்திரம் உண்டு. அனலாக் ட்யூபுக்கு ஒரு கோட்டில் எத்தனை புள்ளிகள் என்பது தெரியாது. கோட்டின் நீளமும் கோடுகளின் எண்ணிக்கையும் மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே 320க்குப் பதில் அதன் எட்டு மடங்கான 2560 புள்ளிகளை ஒரு கோட்டில் அமைத்து, ஒவ்வொரு புள்ளியையும் எட்டு முறை அனுப்பினால், திரையில் தெரிவது அதே படம். பிக்சல் வேகம் மட்டும் 50 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். எந்தக் கார்டும் முணுமுணுக்காது. எச்டிஎம்ஐயின் 25 மெகாஹெர்ட்ஸ் எல்லையும் தடையாகாது.

கேள்வி: எந்த முனை எதோடு சேர வேண்டும்?

விஜிஏ முனையில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். 6, 7, 8 ஆகியவை முறையே அவற்றின் கிரவுண்டு. 13 கிடைமட்ட சிங்க், 14 செங்குத்து சிங்க், 10 சிங்குக்கான கிரவுண்டு. பெட்டியில் ஜாம்மா இணைப்பு, அதாவது விளையாட்டுப் பலகையைப் பெட்டியோடு சேர்க்கும் பொதுவான இணைப்பு, இருந்தால் வேலை இன்னும் எளிது. ஜப்பானிய விளையாட்டு இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் 1985இல் வகுத்த இந்த முறையில், உதிரிகள் உள்ள பக்கத்தில் 12ஆவது முனை சிவப்பு, அதன் நேர் பின்பக்கம் பச்சை; 13ஆவது நீலம், அதன் பின்பக்கம் சிங்க்; 14ஆவது வீடியோ கிரவுண்டு. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். பல கைகள் மாறிய பெட்டியில் சிவப்பு வயர் எதை வேண்டுமானாலும் சுமந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: கணினியில் சிங்க் இரண்டு, என் மானிட்டரில் ஒன்றே ஒன்று. என்ன செய்வது?

சில மானிட்டர்கள் இரண்டு சிங்குகளையும் தனித்தனியே ஏற்கும். மற்றவை இரண்டும் கலந்த ஒற்றை சிங்கை, பெரும்பாலும் எதிர்முனையாக (துடிப்பின்போது மின்னழுத்தம் கீழே இறங்குவதாக), எதிர்பார்க்கும். கலப்பதற்கு நான்கு எக்ஸார் கேட்டுகள் (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் வெளியீடு உயரும் சுற்றுகள்) கொண்ட 7486 குடும்பச் சிப் ஒன்று போதும். இங்கே கவனிக்க வேண்டியது: இரண்டு சிங்கும் எதிர்முனையாக வந்தால், எக்ஸார் கேட்டின் வெளியீடு நேர்முனையாகிவிடும். மிஞ்சியிருக்கும் ஒரு கேட்டின் ஓர் உள்ளீட்டை 5 வோல்ட்டில் கட்டி, சமிக்ஞையை அதன் வழியே அனுப்பினால் அது திரும்பவும் எதிர்முனையாகும். அதைவிட எளிது, மோட்லைனில் ஒரு சிங்கை மட்டும் நேர்முனை என்று மாற்றிவிடுவது. அப்போது இந்தத் திருத்தத்துக்குச் சாலிடரிங் இரும்பே தேவையில்லை.

கேள்வி: படம் நிலையாக நிற்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது. ட்யூப் தேய்ந்துவிட்டதா?

அவசரப்பட்டு ட்யூபைப் பழிக்க வேண்டாம். கணினியின் நிற சமிக்ஞை 75 ஓம் சுமையில் 0.7 வோல்ட் மட்டுமே. ஆர்கேட் பலகைகள் அதைப்போலப் பல மடங்கு மின்னழுத்தத்தைத் தந்து பழகியவை. மானிட்டரும் அதையே எதிர்பார்க்கிறது. சரியான தீர்வு மூன்று நிறங்களையும் ஒரே அளவு பெருக்கும் வீடியோ பெருக்கி. மானிட்டரின் கான்ட்ராஸ்டையும் ஃப்ளைபேக்கில் உள்ள ஸ்கிரீன் திருகையும் ஏற்றி ஈடுகட்டப் பார்ப்பது தவறு: கறுப்பு சாம்பலாகிவிடும், சாய்ந்த வெண்கோடுகள் படத்தின்மேல் தெரியத் தொடங்கும்.

பெருக்கி இல்லாமலே ஓரளவு நன்றாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வதும் பொய்யன்று. பல ஆர்கேட் மானிட்டர்களின் உள்ளீடு 75 ஓமைவிட மிகவும் அதிகமான தடை கொண்டது. சுமை இல்லாதபோது கார்டின் 0.7 வோல்ட் ஏறக்குறைய 1.4 வோல்ட்டாகிவிடுகிறது. பிரகாசம் கூடுவது லாபம். ஆனால் கார்டு அந்த 75 ஓம் சுமையை வைத்துத்தான் மானிட்டர் இருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்கிறது. சுமை இல்லையென்றால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதி வெளியீட்டையே அது நிறுத்திவிடலாம். வயர் முழுதும் சரியாக இருந்தும் திரை இருண்டே கிடந்து, ஒரு நாள் மாலை முழுவதையும் நான் தொலைத்தது இதனால்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் வைத்ததும் கார்டு விழித்துக்கொண்டது, படம் மங்கியது, பெருக்கியைச் செய்யத் தொடங்கினேன்.

கேள்வி: இதையெல்லாம் ஒன்றாகச் செய்யும் ஆயத்தப் பலகை கிடையாதா?

உண்டு. அல்டிமார்க் நிறுவனத்தின் ஜே-பேக் ஒரு பக்கம் ஜாம்மா இணைப்பிலும் மறுபக்கம் கணினியிலும் பொருந்தி, சிங்கைக் கலந்து, நிறங்களைப் பெருக்கி, பெட்டியின் பட்டன்களையும் கணினிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஜாம்மா பெட்டி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுவே. ஆனால் தனிமைப்படுத்தலை எந்தப் பலகையும் செய்யாது, அதற்கு ட்ரான்ஸ்ஃபார்மர்தான். விஜிஏ படத்தை 15 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கும் மாற்றிப் பெட்டிகளும் விற்கப்படுகின்றன. அவை படத்தைக் கலைத்து மீண்டும் அடுக்குவதால் புள்ளிகளின் கூர்மை போய்விடுகிறது, ட்யூபை வைத்துக்கொண்டதன் பயனே குறைந்துவிடுகிறது.

கேள்வி: டிரைவர் ஏறுவதற்கு முன், கணினி தொடங்கியதும் தெரியும் பயாஸ் திரை 31 கிலோஹெர்ட்ஸில் வருமே?

வரும். எளிய வழி, கணினியை முதலில் இயக்கி, அது முழுவதும் எழுந்து 15 கிலோஹெர்ட்ஸுக்கு வந்த பிறகு மானிட்டரை இயக்குவதும், அணைக்கும்போது மானிட்டரை முதலில் அணைப்பதும்தான். இதற்காக மானிட்டருக்குத் தனிச் சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கேட்விஜிஏ என்ற கார்டு இயங்கத் தொடங்கும் கணத்திலிருந்தே 15 கிலோஹெர்ட்ஸ் தருகிறது. எல்லாம் நிலைபெறும்வரை சாதாரண மானிட்டர் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அமைப்பு வேலைகளை அதிலேயே முடித்துக்கொள்வது கண்ணுக்கும் நல்லது.

கேள்வி: படம் நன்றாக இருக்கிறது, ஆனால் சில விளையாட்டுகளில் பின்னணி நகரும்போது திக்குகிறது. ஏன்?

ஆர்கேட் பலகைகள் எல்லாம் நொடிக்குச் சரியாக 60 படங்கள் தந்தவை அல்ல. பேக்-மேன் 60.6, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சுமார் 59.6, ஆர்-டைப் 55, மார்ட்டல் காம்பாட் 54.7. கடைசியில் சொன்னதை 60க்கு இழுத்துப் பொருத்தினால் ஆட்டம் ஏறக்குறைய 10 சதவீதம் வேகமாக ஓடும். வேகத்தை மாற்றாமல் விட்டாலோ சில படங்கள் இரண்டு முறை காட்டப்பட்டுத் திக்கும். க்ரூவிமேம் (பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளின் ஒரு வடிவம்) ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்கேற்ற மோட்லைனை அந்த நேரத்திலேயே கணக்கிட்டு அமைக்கிறது. எல்சிடியில் எளிதில் கிடைக்காத இந்த வழுவழுப்புக்காகவே இவ்வளவு பாடும் படலாம் என்பது என் கட்சி. விளையாட்டு மாறும்போது படத்தின் உயரம் சற்றே மாறுவது இயல்பு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அளவில் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: படத்தில் தெரியும் கோளாறைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். படம் சாய்ந்த கோடுகளாகச் சிதறினால் கிடைமட்ட சிங்க் வரவில்லை அல்லது கிடைமட்ட ஹோல்டு திருகைச் சற்றுத் திருப்ப வேண்டும். படம் மேலும் கீழும் உருண்டால் செங்குத்து சிங்கைப் பாருங்கள். அதன் முனை மாறியிருக்கலாம். மேல்விளிம்பு மட்டும் கொடிபோல் வளைந்தால் சிங்க் கலந்த விதத்தில் கோளாறு. ஒரு நிறம் முழுவதும் இல்லையென்றால் முதலில் வயர், பிறகு ட்யூபின் கழுத்தில் செருகியிருக்கும் பலகையின் சாலிடர். நிறங்கள் வலப்பக்கம் வால்போல் இழுபட்டால் சுமைத் தடை பொருந்தவில்லை. மெல்லிய கறுப்புப் பட்டை மெதுவாக மேலேறிக்கொண்டே இருந்தால் கிரவுண்டு சரியில்லை அல்லது சேஸிஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வற்றிவிட்டன. பழைய சேஸிஸில் இரண்டாவதுதான் அதிகம். நிறம் எதிர்மறையாக, புகைப்பட நெகட்டிவ்போல் தெரிந்தால், டாங்கி காங் பெட்டியில் நின்டெண்டோ பயன்படுத்திய சான்யோ மானிட்டர்போலத் தலைகீழ் சமிக்ஞையை எதிர்பார்க்கும் மானிட்டர் அது. இடையே ஒரு தலைகீழாக்கி வேண்டும்.

அகலத்தைச் சரிசெய்யும் சுருளை பிளாஸ்டிக் திருப்பியால் மட்டும் திருப்புங்கள். இரும்புச் சாவியால் திருப்பினால் உள்ளிருக்கும் ஃபெரைட் விரிசல் விட்டு, அப்புறம் எந்தப் பக்கமும் திரும்பாது.

கேள்வி: பேக்-மேன் போன்ற நெட்டுக்குத்தான விளையாட்டுகளுக்கு மானிட்டரைத் திருப்பலாமா?

திருப்பலாம். பேக்-மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. 90 பாகை சாய்த்து வைத்த மானிட்டருக்கு அது 288 புள்ளிகள் கொண்ட 224 கோடுகளாகவே தெரிந்தது. திருப்பிய பிறகு மூலைகளில் நிறத் திட்டுகள் தோன்றினால் பூமியின் காந்தப்புலமே காரணம். காந்தம் நீக்கினால் மறையும். படுக்கை மானிட்டரிலேயே அதை ஓட்ட வேண்டுமென்றால் 288 கோடுகளை 240க்குள் நசுக்க வேண்டியிருக்கும். இல்லையேல் ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறி வரையும் இன்டர்லேஸ் முறையில் காட்ட வேண்டும், அதில் படம் நடுங்கும்.

கேள்வி: ஆஸ்டராய்ட்ஸ் பெட்டியின் மானிட்டரையும் இப்படியே இணைக்கலாமா?

முடியாது. 1979இன் ஆஸ்டராய்ட்ஸ், 1981இன் டெம்பெஸ்ட் போன்றவற்றில் இருப்பது வெக்டர் மானிட்டர். அதில் கற்றை கோடு கோடாகத் திரையை நிரப்புவதில்லை. பேனா பிடித்து வரைவதுபோல, விளையாட்டுப் பலகை சொல்லும் இடத்துக்கு இடம் நேராகச் செல்கிறது. அதற்கு வேண்டியவை இரண்டு திசைகளுக்கான மின்னழுத்தங்களும் ஒளியளவும் மட்டுமே. விஜிஏ சமிக்ஞையில் அவை இல்லை. கணினியிலிருந்து அதை இயக்க, வெக்டர் பட்டியலை மின்னழுத்தங்களாக மாற்றும் தனிப் பலகை வேண்டும்.